பாலர் பள்ளி ஆசிரியருக்கு மாஸ்டர்ஸ்: அதில் என்னதான் இருக்கிறது?

சிங்கப்பூரில் பாலர் பள்ளி வகுப்பறையில் ஆசிரியராக நிற்க முதுநிலைப் பட்டம் தேவையில்லை. பாலர் பருவக் கல்வியில் டிப்ளோமா இருந்தால் போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "மாஸ்டர்ஸ் இருந்தால்தான் இனி மேலே போக முடியுமாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பதறி விண்ணப்பம் போடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. எதற்கென்று தெரிந்து சேர்ந்தால் அது நல்ல படிப்பு. தெரியாமல் சேர்ந்தால், பகலில் பிள்ளைகளோடும் இரவில் ஆய்வுக் கட்டுரைகளோடும் மல்லுக்கட்டிய களைப்புதான் மிஞ்சும்.

முதலில் இந்தத் துறையின் படிநிலைகளைப் பார்த்துவிடலாம். கைக்குழந்தை முதல், பாலர் பள்ளியின் கடைசி வகுப்பான கே2 பிள்ளை வரை சேர்க்கும் நிலையங்களை மேற்பார்வை செய்வது, 2013இல் அமைக்கப்பட்ட பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு. துறையில் எல்லோரும் ஈசிடிஏ என்றுதான் சொல்வோம். எந்த வயதுப் பிள்ளைகளுக்கு யார் கற்பிக்கலாம் என்று சான்றளிப்பதும் அதுதான். சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எடுகேரர்களுக்குச் சான்றிதழ்ப் படிப்பு, ஆசிரியர்களுக்கு டிப்ளோமா, நிலையத்தை நடத்தப்போகிறவர்களுக்குத் தலைமைத்துவப் படிப்பு என்று வரிசை போகிறது. இந்தப் பயிற்சிகளை நடத்துவதற்கென்றே 2019இல் தேசிய பாலர் பருவ மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. இளநிலைப் பட்டம் வேண்டுமானால் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். அதற்கும் மேலே வருவதுதான் முதுநிலை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய கல்விக் கழகம், பாலர் பருவக் கல்வியைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.எட் பட்டத்தை வழங்குகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இதே மாதிரிப் படிப்புகள் இருக்கின்றன.

இங்கே மூன்று குழப்பங்கள் அடிக்கடி வரும். ஒன்று, பிஜிடிஇ எனப்படும் பட்டமேற்படிப்புக் கல்வி டிப்ளோமா. பெயரில் பட்டமேற்படிப்பு என்று இருந்தாலும் அது அடிப்படைப் பயிற்சிதான். ஏற்கெனவே பட்டம் வாங்கியவரைத் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, தொடக்கக்கல்லூரி ஆசிரியராக்குவதற்கானது. பாலர் பள்ளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டாவது, அட்வான்ஸ்டு டிப்ளோமாவும் ஸ்பெஷலிஸ்ட் டிப்ளோமாவும். இவை டிப்ளோமாவுக்கு அடுத்த கட்டம். முதுநிலைக் கணக்கில் வராது. அதனால் மதிப்புக் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளோடு வேலை செய்ய விரும்புகிறவருக்கு, பொதுவான எம்.எட்டைவிட, வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே உதவும் ஆரம்பநிலைத் தலையீட்டில் ஓர் அட்வான்ஸ்டு டிப்ளோமா பல சமயம் அதிகம் கைகொடுக்கும். மூன்றாவது, தமிழ்நாட்டிலிருந்து பி.எட், எம்.எட் முடித்து வந்தவர்களின் நிலை. அந்தப் பட்டத்தைக் காட்டியதும் இங்கே பாலர் பள்ளி வகுப்பைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். பாலர் பருவக் கல்வியில் தனிப் பயிற்சி இருக்கிறதா என்று ஈசிடிஏ பார்க்கும். இல்லையென்றால் கையில் எம்.எட் இருந்தாலும் அந்தப் பயிற்சியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால், பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவதும் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கழிவறைப் பழக்கம் சொல்லித் தருவதும் வேறு வேறு வேலைகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

இனி விஷயத்துக்கு வருவோம். டிப்ளோமாவில் என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொள்கிறோம். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசும் வட்ட நேரத்தை எப்படி நடத்துவது, பாடத்திட்டம் எப்படி எழுதுவது, பிள்ளை கடித்துவிட்டால் என்ன செய்வது, பெற்றோரிடம் எப்படிப் பேசுவது எல்லாம் அங்கேயே வந்துவிடும். இளநிலையில், ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதற்கான கோட்பாடுகள் வரும். முதுநிலையில் மாறுவது கேள்விதான்: "இது பலன் தருகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" புதுப் பாட்டு, புது விளையாட்டு, புதுக் கைவேலை கிடைக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். அங்கே அதெல்லாம் கிடைக்காது. ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைச் சந்தேகப்படத்தான் கற்றுத் தருவார்கள்.

கே2வுக்கு முந்தைய கே1 வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழ் நேரம். டேக்கா சந்தையின் பெரிய படம் ஒன்றை ஆசிரியர் காட்டுகிறார். மீன் கடையில் ஐஸ் மேலே மீன்கள் கிடக்கின்றன.

"இது என்ன?"
"மீன்."
"வெரி குட்! இது என்ன நிறம்?"
"சில்வர்... டீச்சர், மீன் தூங்குது."
"தூங்கல, தூங்கல. எத்தனை மீன் இருக்கு, எண்ணலாமா?"

இதில் தப்பு எதுவும் இல்லை. சொல் வந்தது, நிறம் வந்தது, எண்ணிக்கையும் வரப்போகிறது. பாடத்திட்டப்படி எல்லாம் நடந்தாயிற்று. வகுப்பைக் கவனிக்க வந்த பிரின்சிபலும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். முதுநிலை வகுப்பில் இந்த அரை நிமிடத்தை அப்படியே எழுத்தில் பெயர்த்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவார்கள். ஆசிரியர் கேட்ட கேள்விகளில் அவருக்கே விடை தெரியாத கேள்வி எத்தனை? ஒன்றுமில்லை. பிள்ளை தானாகவே சொன்னது என்ன? "மீன் தூங்குது." மொத்த உரையாடலிலும் சிந்தனை இருந்த இடம் அது ஒன்றுதான். அங்கேயே பேச்சு வெட்டுப்பட்டுவிட்டது.

அதே இடத்தில் ஆசிரியர் கொஞ்சம் நின்றிருந்தால் எப்படிப் போயிருக்கும்?

"தூங்குதா? எப்படித் தெரிஞ்சது?"
"மூவ் பண்ணல."
"ம்ம். கண்ணைப் பாரேன்."
"கண்ணு தொறந்திருக்கு! அப்ப தூங்கல... டெட் ஆயிடுச்சா?"
"அப்படின்னா ஏன் ஐஸ் மேல வெச்சிருக்காங்க?"

இப்படிப் பெரியவரும் பிள்ளையும் ஒரே யோசனையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து நீட்டிப் போவதற்கு ஆய்வாளர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'நீடித்த பகிர்வுச் சிந்தனை' என்று சொல்லலாம். 1997இல் இங்கிலாந்தில் தொடங்கி ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பாலர் பள்ளிக் கல்வியின் பலனைப் பார்த்த ஈபிபிஇ ஆய்வையும் அதை ஒட்டி நடந்த ஆய்வையும் சார்ந்து எழுந்த கருத்து இது. பிள்ளைகள் நன்றாக முன்னேறிய நிலையங்களில் இப்படிப்பட்ட பேச்சு மற்ற இடங்களைவிட அதிகம் நடந்தது. ஆனால் அந்த நல்ல நிலையங்களிலும்கூட அது அரிதாகவே நடந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். இதோடு சேர்த்துப் படிக்கும் இன்னொன்று, மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வெளியிட்ட கண்டுபிடிப்பு. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை 3 விநாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில்கள் நீளமாகவும் யோசித்துச் சொன்னவையாகவும் மாறுகின்றன. காசு செலவில்லாத மாற்றம்தான். செய்துபார்த்தால்தான் அது எவ்வளவு கடினம் என்று தெரியும். வகுப்பில் 3 விநாடி மௌனம் என்பது ஒரு யுகம்.

பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி போன்றோரின் பெயர்களை டிப்ளோமாவிலேயே மனப்பாடம் செய்திருப்போம். இரண்டு பேரும் 1896இல் பிறந்தவர்கள் என்பதுகூடத் தேர்வுக்குப் படித்த ஞாபகம் இருக்கலாம். முதுநிலையில் இவர்கள் திரும்ப வருவார்கள், ஆனால் தேர்வு விடைகளாக வர மாட்டார்கள். மேலே சொன்ன மீன் உரையாடலை வைகாட்ஸ்கியின் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும், அவருடைய கருத்து எந்த இடத்தில் போதாமல் போகும் என்று எழுதச் சொல்வார்கள். மொண்டிசோரி அம்மையாரும் வருவார். ஐரோப்பாவின் கதையாகவே அவரைச் சொல்லிக் கடந்துவிட்டால், நீங்கள் கையைத் தூக்கி ஒன்றைச் சேர்த்துவிடலாம்: 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார், உலகப் போர் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். நம்ம ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்தும் அவர் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்தப் படிப்பின் முதுகெலும்பு ஆய்வு முறைப் பாடம்தான். பெரும்பாலானவர்கள் பயப்படுவதும் இதற்குத்தான். புள்ளியியல் வரும், நேர்காணல் நடத்தும் முறை வரும், வகுப்பறையைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் முறை வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், பிறர் செய்த ஆய்வை ஏமாறாமல் படிக்கும் பழக்கம். ஓர் உதாரணம் சொல்கிறேன். தகுதி உயர்ந்த ஆசிரியர்கள் இருந்த நிலையங்களின் தரமும் உயர்ந்திருந்தது என்று அந்த ஈபிபிஇ ஆய்வு சொன்னது. அப்படியென்றால் எல்லோரும் பட்டம் வாங்கினால் பிள்ளைகள் முன்னேறிவிடுவார்களா? 2007இல் அமெரிக்காவில் 7 பெரிய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு குழு, ஆசிரியரின் பட்டத்துக்கும் பிள்ளைகளின் கற்றலுக்கும் சீரான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு ஏன் முரண்படுகின்றன என்று யோசிக்க வேண்டும். நாடு வேறு. தரத்தை அளந்த விதம் வேறு. பட்டத்துக்குள் சொல்லிக் கொடுத்ததும் வேறாக இருக்கலாம். நல்ல வசதியுள்ள நிலையங்களே பட்டதாரிகளை வேலைக்கு எடுத்திருக்கலாம். அப்போது பட்டம் காரணமா, வசதி காரணமா? முதுநிலைப் படிப்பில் உட்கார்ந்துகொண்டே முதுநிலைப் படிப்பின் பயனைச் சந்தேகிக்கும் கட்டுரையைப் படிப்பது எனக்குப் பிடித்த விஷயம். என் கருத்தைக் கேட்டால், பட்டத்தால் மட்டும் வகுப்பறை மாறிவிடாது. ஆசிரியர் தன் பேச்சைத் தானே கேட்கத் தொடங்கினால் மாறும். அந்தப் பழக்கத்தை வரவழைக்காத படிப்பு எவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் நடந்தாலும் வீண்தான்.

அளவுகோல்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. பாலர் பள்ளியின் தரத்தை 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டு அளக்கும் கருவிகள் உலகமெங்கும் பயன்படுகின்றன. புகழ்பெற்றவை அமெரிக்காவில் உருவானவை. அடுக்குமாடி வீட்டுத் தொகுதியின் கீழ்த்தளத்தில் இயங்கும் நம் நிலையத்தில், வெளி விளையாட்டுக்குப் பக்கத்து விளையாட்டுத் திடலுக்குத்தான் போகிறோம் என்றால், இடவசதிக்கு அந்தக் கருவி தரும் மதிப்பெண் எதைச் சொல்கிறது? இந்த மாதிரிக் கேள்விக்கு இங்குள்ள ஆசிரியர்கள்தான் பதில் தேட வேண்டும். உள்ளூர்த் தரவும் இல்லாமல் இல்லை. கருவிலிருந்தே பிள்ளைகளைப் பின்தொடரும் கஸ்டோ ஆய்வு 2009இல் இங்கே தொடங்கியது. 1,200க்கும் மேற்பட்ட தாய்மார்கள் அதில் சேர்ந்தார்கள். நம் பிள்ளைகளின் உணவு, உறக்கம், மொழி பற்றியெல்லாம் அதிலிருந்து கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. சிங்கப்பூரில் படிப்பதால் கிடைக்கும் லாபம் இது. உதாரணங்கள் நம் தெருவிலிருந்தே வரும்.

தமிழ் ஆசிரியர்களுக்கு இதில் தனியாக ஓர் இடம் காத்திருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். பாலர் பள்ளிக்கு வரும் தமிழ்ப் பிள்ளை "மூவ் பண்ணல" என்று சொல்வதில் ஆச்சரியம் இல்லை. உடனே "அசையவில்லை என்று சொல்" என்று திருத்த வேண்டுமா? கலந்து பேசவிட்டு, நாம் மட்டும் தமிழில் திருப்பிச் சொன்னால் போதுமா? எது அந்தப் பிள்ளையை அடுத்த வாக்கியத்துக்குக் கொண்டுபோகும்? எல்லா ஆசிரியர் ஓய்வறைகளிலும் இந்த விவாதம் நடக்கிறது. ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு, ஆதாரம்தான் குறைவு. இருமொழிப் பிள்ளைகள் பற்றி உலகில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூர்ப் பாலர் பள்ளியில் தமிழ் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எழுத வேண்டியது இன்னும் நிறைய. வகுப்பில் மூன்றே மூன்று தமிழ்ப் பிள்ளைகள், அவர்களுக்கும் வயது வேறு வேறு என்ற நம் அன்றாட நிலைமையே நல்ல ஆய்வுப் பொருள்தான்.

ஆய்வேடு என்றால் புத்தகம் எழுதுவது மாதிரிப் பெரிய சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். எம்.எட் படிப்புகளில் பாடங்களை மட்டும் முடித்துப் பட்டம் வாங்கும் வழியும், பாடங்களோடு ஆய்வேடு எழுதும் வழியும் பொதுவாக உண்டு. பின்னால் முனைவர் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் இரண்டாவது வழி நல்லது. கேள்வி சின்னதாக இருக்கட்டும். 'சிங்கப்பூரில் தமிழ்க் கல்வியின் எதிர்காலம்' என்று ஆரம்பித்தால் கரை சேர முடியாது. 'கதை நேரத்தில் ஆசிரியர் காத்திருக்கும் நேரம் கூடினால், நான்கு வயதுப் பிள்ளைகளின் தமிழ்ப் பதில்கள் எப்படி மாறுகின்றன' என்பது செய்து முடிக்கக்கூடியது.

பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்வதால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவிடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். பெற்றோர் சம்மதித்தாலும், பிள்ளை கேமராவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அதுவும் மறுப்புதான். இந்தப் பகுதியைச் சலிப்பான தாள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் மொத்தப் படிப்பிலும் மிகவும் மதிப்புள்ளதாகத் தோன்றுகிறது. பெற்றோர் செயலியில் போடுவதற்காக நாள் முழுக்கப் பிள்ளைகளைப் படமெடுத்துக்கொண்டே இருக்கிறோம். அவர்களிடம் ஒரு தடவையாவது "எடுக்கட்டுமா" என்று கேட்டிருக்கிறோமா?

நேரமும் காசும் பற்றிச் சுருக்கமாக. முழுநேரமாகப் படித்தால் ஏறத்தாழ ஓராண்டு, பகுதிநேரமாகப் படித்தால் இரண்டாண்டு அல்லது அதற்கு மேல். பகுதிநேர வகுப்புகள் பெரும்பாலும் மாலையில். பொங்கோலில் வேலையை முடித்துவிட்டு ரயிலில் பூன் லே வந்து, அங்கிருந்து 179ஆம் எண் பேருந்தில் நன்யாங் வளாகத்துக்குப் போவதைக் கற்பனை செய்துபாருங்கள். குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் காலை 7 முதல் மாலை 7 வரை இயங்குவதால், வகுப்பு நாள்களில் காலை ஷிப்ட் தருவார்களா என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். கட்டணம் ஐந்திலக்க வெள்ளியில்தான் இருக்கும். குடிமகனா, நிரந்தரவாசியா, வெளிநாட்டவரா என்பதைப் பொறுத்து மாறும். பயிற்சிக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை எல்லாப் படிப்புக்கும் செல்லாது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கொடுத்த 4,000 வெள்ளியும் குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும்தான். அதை நம்பிக் கணக்குப் போடுவதற்கு முன் பட்டியலைப் பாருங்கள். பாலர் பள்ளிகளை நடத்தும் சில நிறுவனங்கள் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும், பதிலுக்கு இத்தனை ஆண்டு வேலையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடும்.

மாஸ்டர்ஸ் முடித்ததும் சம்பளம் தானாக ஏறிவிடாது. இதைக் கேட்டு முகம் வாடிப் போகிறவர்கள் உண்டு, என்ன செய்ய. நன்றாகக் கற்பித்துக்கொண்டு வகுப்பிலேயே இருக்க விரும்புகிறவருக்கு இந்தப் பட்டத்தால் வரும் பண லாபம் குறைவுதான். பாடத்திட்டக் குழு, புது ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு, பயிற்சிக் கழகத்தில் விரிவுரையாளர் வேலை, கொள்கை வகுக்கும் இடங்கள் என்று நகர நினைப்பவர்களுக்குத்தான் அது கதவைத் திறக்கும். அதனால் டிப்ளோமா, பட்டம், மாஸ்டர்ஸ் என்று மூச்சுவிடாமல் படித்து முடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வகுப்பில் சில வருடம் இருந்துவிட்டு, மனதை அரிக்கும் கேள்வி ஒன்றோடு போகிறவர்களுக்கு ஒவ்வொரு வார வாசிப்பும் அந்தக் கேள்வியோடு ஒட்டிக்கொள்ளும். மற்றவர்களுக்கு அது பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

விண்ணப்பிக்கத் தீர்மானித்துவிட்டால், இளநிலைப் பட்டமும் துறை அனுபவமும் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக்கான கட்டுரையில் "சிறு வயதிலிருந்தே எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்" என்று ஆரம்பிக்க வேண்டாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உங்கள் வகுப்பில் நீங்கள் கவனித்த ஒன்றையும் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவதையும் எழுதுங்கள். அப்புறம், ஆய்வேடு எழுதும் எண்ணம் இருந்தால் சேருவதற்கு முன்பே உங்கள் பிரின்சிபலிடமும் தலைமையகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: உங்கள் வகுப்பிலேயே ஒலிப்பதிவு செய்ய விடுவார்களா? கே1 வகுப்பில் 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதுதான் விகிதம். நீங்கள் குறிப்பெடுக்கும் நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், பாடங்களை மட்டும் முடிக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது வேறு நிலையத்தில் இருக்கும் தோழி ஒருவரின் வகுப்புக்கு அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.